படம் பார்க்கத் தெரிந்தவர்

முனைவர் பட்டமும் போஸ்ட்டாக் அனுபவமும் உள்ள ஒருவர் ஆய்வகத்தை விட்டு ஆய்விதழின் பதிப்பாசிரியராகப் போனால், ‘ஆராய்ச்சி கைகொடுக்கவில்லை போலிருக்கிறது’ என்ற பேச்சு இன்னும் எழுகிறது. கேட்டுக் கேட்டு பதிப்பாசிரியர்களான நம்மில் சிலரே அதை நம்பத் தொடங்கிவிட்டோம். நம் துறையின் வரலாறு சொல்வதோ வேறு.

2002இல் ஜர்னல் ஆஃப் செல் பயாலஜியின் பதிப்பாசிரியர் மைக் ராஸ்னர், ஏற்கப்பட்டுவிட்ட ஒரு கட்டுரையின் படத்தை அச்சுக்குத் தயார்செய்துகொண்டிருந்தார். வெஸ்டர்ன் பிளாட்டில் சில பட்டைகளின் அடர்த்தி மட்டும் மாற்றப்பட்டிருப்பது அவர் கண்ணில் பட்டது. மதிப்பீட்டைத் தாண்டி வந்த கட்டுரை அது. அதன்பின் ஏற்கப்படும் ஒவ்வொரு கட்டுரையின் படங்களையும் அந்த இதழ் சோதிக்கத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கில் ஒரு கட்டுரைக்கு ஒரு படத்தையாவது மீண்டும் தயாரிக்க வேண்டியிருந்தது. நூற்றுக்கு ஒன்றின் ஏற்பே ரத்தானது.

சோதனை எளிது. படத்தின் ஒளிர்வையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றினால், ஒட்டுப்போட்ட இடத்தில் பின்னணி நேர்கோடாக அறுந்து தெரியும்; அழித்த இடம் வெறிச்சென்று இருக்கும். எங்கே ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது ஜெல் ஓட்டிப் பழகியவருக்குத்தான் சட்டென்று தெரியும். ஆய்வக அனுபவம் வீணாகவில்லை. இடம் மாறி வேலை செய்கிறது.

நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் சகாக்களும் 2016இல் 20,621 கட்டுரைகளைக் கண்ணாலேயே பார்த்து, 3.8 விழுக்காட்டில் சிக்கலான படங்களைக் கண்டார்கள். இன்று அந்த வேலையில் ஒரு பகுதியை மென்பொருள் செய்கிறது. ஆனால், ஒரே லோடிங் கன்ட்ரோல் இரண்டு படங்களில் வந்தால், இரண்டும் ஒரே மெம்பிரேனிலிருந்து எடுத்தவையா, வேறு சோதனைக்கு இரவல் வாங்கியதா என்பதை அது தீர்ப்பதில்லை. ஆசிரியர்களுக்கு எழுதிக் கேட்டு, பதிலை எடைபோட வேண்டியவர் பதிப்பாசிரியர்.

ஆகவே இதழ் நிறுவனங்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். புதிதாகச் சேர்பவரிடம் முடிவுக் கடிதங்களை ஒப்படைக்குமுன், மூலத்தரவைப் பார்க்கப் பயிற்சி கொடுங்கள். ஈலைஃப் செய்வதுபோல, கட்டுரையைக் கையாண்ட பதிப்பாசிரியரின் பெயரைக் கட்டுரையோடு வெளியிடுங்கள். பெயர் வந்தால் பொறுப்பும் வரும், மதிப்பும் வரும்.

சக பதிப்பாசிரியர்களுக்கு ஒன்று: வெட்டாத மூல பிளாட்டைக் கேட்டு வாங்குங்கள். அது வந்து சேரும்வரை ஏற்புக் கடிதம் காத்திருக்கட்டும்.