கையெழுத்தும் தலையெழுத்தும்

வளைகுடாவில் வேலை பார்த்து, விடுமுறைக்கு ஊர் திரும்பிய இளைஞர் ஒருவர் எங்கள் நாகர்கோவில் நண்பர் குழுவின் மாலைச் சந்திப்புக்கு ஒரு தொப்பியைக் கொண்டுவந்தார். 2025 ஜனவரியில் துபாய் ஆட்டோட்ரோமில் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் நடந்தபோது, நடிகரும் பந்தய ஓட்டுநருமான அஜித்குமார் அதில் கையெழுத்திட்டுக் கொடுத்தாராம். மணிக்கணக்கில் காத்து நின்று வாங்கியது. பிளாஸ்டிக் உறையிலிருந்து அதை வெளியே எடுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. எந்தக் காரை ஓட்டினார், எந்தப் பிரிவில் ஓட்டினார் என்று எங்களில் ஒருவர் கேட்டார். "அதெல்லாம் யாருக்குத் தெரியும் அண்ணாச்சி? தலயப் பாத்தாச்சுல்லா, அது போதும்" என்றார் இளைஞர்.

அவர் விடைபெற்றுச் சென்றபின் சபையில் ஒரு சிரிப்பு எழுந்தது. நாவல் படிப்பவர்கள், சினிமா ரசிகனைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பு. நாங்களும் அதில் கலந்துகொண்டோம். வீடு திரும்பும் வழியில்தான் கூச்சம் தட்டியது. ஆகவே இக்கட்டுரை அந்த இளைஞருக்கு எதிரானது; அதைவிடக் கூடுதலாக, எங்களுக்கு எதிரானது.

முதலில் இளைஞரின் வழக்கு. அந்தப் பந்தயத்துக்கு முந்தைய பயிற்சியில் அஜித்குமார் ஓட்டிய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அந்தக் காணொளி குமரி மாவட்டத்தின் எல்லாக் கைபேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. அதன்பின் அவர் தம் அணியின் போர்ஷே 911 காரை ஓட்டுவதிலிருந்து விலகி, வேறோர் அணியின் ஜிடி4 பிரிவுக் காரைப் பிறருடன் மாறிமாறி ஓட்டினார். அவருடைய அணியின் கார் 992 பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அதை அந்த இடத்துக்குக் கொண்டுசென்றவர்கள் மாத்யூ டெட்ரி, ஃபேபியன் டஃபியூ, கேமரன் மெக்லியோட் ஆகிய மூவர். நம் ஊர்க் கொண்டாட்டத்தில் இம்மூவரின் பெயரை நாங்கள் எங்கும் காணவில்லை. நீண்டநேரப் பந்தயம் என்பதே பலர் கூடிச் செய்யும் வேலை. ஒருவர் ஓட்ட, ஒருவர் உறங்க, டயரையும் பிரேக்கையும் வேறு சிலர் இரவெல்லாம் பார்த்துக்கொள்ள நடக்கும் காரியம் அது. அதைத் தனியொருவரின் திருவுலாவாக மாற்றிக்கொண்டவர் பந்தயத்தையும் பார்க்கவில்லை, தாம் நேசிக்கும் மனிதர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் பார்க்கவில்லை.

அந்த மனிதரேனும் இதை விரும்புகிறாரா? 2011இல் தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்தவர் அவர். 2024 டிசம்பரில், தம் பெயரைக் கடவுளோடு சேர்த்து முழங்க வேண்டாம் என்று அறிக்கைவிட்டுக் கேட்டுக்கொண்டார். துபாய்ப் பந்தயத்தை ஒட்டியும், அவரவர் வாழ்க்கையைப் பாருங்கள் என்றே ரசிகர்களுக்குச் சொன்னார். கையெழுத்தைப் பொக்கிஷமாகக் காப்பவர்கள், கையெழுத்திட்டவரின் சொல்லைக் காற்றில் விடுகிறார்கள்.

ரசிகர் இல்லாமல் பந்தயம் ஏது, பார்க்க ஆளில்லாத விளையாட்டுக்கு விளம்பரதாரர் வருவாரா என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். ஆனால் அது பந்தயத்தைப் பார்ப்பவருக்கான வாதம். தமிழ்நாட்டுக்கு அப்படிப்பட்ட பார்வையாளர்கள் புதியவர்கள் அல்லர். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்குப் பெருங்கூட்டம் கூடியதுண்டு. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் திறக்கப்பட்டது. அந்த மரபிலிருந்துதான் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்றில் நுழைந்த முதல் இந்தியரானார். 2010இல் சென்னையின் கருண் சந்தோக் பின்தொடர்ந்தார்.

நரேன் அந்த ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். மிஷலின் டயர் பூட்டிய அணிகள் பாதுகாப்புக் காரணத்தால் விலகிக்கொள்ள, அன்று ஓடியவை ஆறே கார்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, சாதனையைக் குறைத்துவிட்டோமாம். குறைக்கவில்லை. போட்டியிடவே வழியில்லாத ஒரு காரில், அந்த ஆண்டு முழுக்கப் பின்வரிசையில் போராடியவருக்குக் கிடைத்த ஒரே நல்ல மதியம் அது என்று அறிந்து மதிப்பது ஒன்று. "உலகத்தில் நாலாவது" என்று கூவுவது வேறொன்று. முன்னதற்குக் கொஞ்சம் உழைப்பு வேண்டும். பின்னதற்குத் தொண்டை போதும்.

இதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் எங்கள் சாலைகளில் இருக்கிறது. ஸ்ரீநகரில் தொடங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் மாவட்டத்தில்தான் முடிகிறது. காவல்கிணறு தாண்டிக் கன்னியாகுமரி நோக்கி வரும் அந்த நாற்கரச் சாலையில் விடுமுறை நாள் காலைகளில் நின்று பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கியபடி, தலைக்கவசமின்றி, பின்னிருக்கையில் ஒருவர் கைபேசியில் படம்பிடிக்கப் பறக்கிற பிள்ளைகளைப் பார்ப்பீர்கள். வண்டியில் பந்தய வீரரின் படம் ஒட்டியிருக்கும்.

துபாயில் கார் சுழன்றபின்னும் ஓட்டியவர் காயமின்றி இறங்கி நடந்தாரே, எப்படி? கூண்டுபோல் உள்ளே பற்றவைத்த எஃகுக் குழாய்கள், உடலை இருக்கையோடு கட்டிய பட்டைகள், கழுத்தைக் காக்கும் கருவி, தலைக்கவசம், மோதலை வாங்கிக்கொள்ளும் தடுப்பு, கொடியோடு நிற்கும் பணியாளர், காத்திருக்கும் மருத்துவர். 1994இல் இமோலாவில் அடுத்தடுத்த இரு நாட்களில் ரோலண்ட் ராட்சன்பெர்கரும் அயர்ட்டன் சென்னாவும் இறந்தார்கள். அத்தகைய சாவுகளிலிருந்து கற்றுச் சேர்த்த அறிவு இது. 2020இல் பஹ்ரைனில் தீப்பிழம்புக்குள்ளிருந்து ரொமான் க்ரோஷான் எழுந்து வந்ததும் அந்த அறிவால்தான். பந்தயக் கலையில் வேகம் பாதி என்றால், இந்த ஒழுங்கு மறுபாதி. கையெழுத்துக்கு மட்டும் காத்து நிற்பவர் வேகத்தின் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறார், ஒழுங்கைத் தடத்திலேயே விட்டுவிடுகிறார். 2023 ஜனவரியில் சென்னையில் 'துணிவு' வெளியான நாளில் ஓடும் லாரியின் மீதேறி ஆடிய ஓர் இளைஞர் விழுந்து இறந்தார். அவர் யாரைக் கொண்டாடினாரோ, அவர் இருக்கைப் பட்டை இறுக்காமல் காரைக் கிளப்பாத மனிதர். கையெழுத்தைத் தேடிப் போகிறவர்களின் தலையெழுத்து இப்படி ஆவதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

இனி எங்கள் வழக்கு. தொப்பிக்காரரைப் பார்த்துச் சிரித்தோமே, எங்கள் அலமாரிகளில் என்ன இருக்கிறது? புத்தகக் காட்சிகளில் வரிசையில் நின்று கையெழுத்து வாங்கிய நாவல்கள். அவற்றில் சரிபாதியை நாங்கள் நாற்பதாம் பக்கம் தாண்டவில்லை. எழுத்தாளரோடு எடுத்துக்கொண்ட படங்கள் மட்டும் உடனுக்குடன் நண்பர்களுக்குப் போய்விட்டன. எந்தப் பிரிவில் ஓட்டினார் என்று இளைஞரிடம் கேட்டவரை நோக்கி, அந்த நாவலின் மூன்றாம் பகுதியில் என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் அவரும் 'பாத்தாச்சுல்லா' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் சந்திப்பு என்றால் என்னவென்று காட்டிச் சென்ற ஓர் ஆளுமை எங்கள் ஊரிலேயே இருந்தார். 2005இல் மறைந்த சுந்தர ராமசாமியின் வீட்டுக்கு வந்த இளைஞர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. உட்கார்ந்து பேசினார்கள், மறுத்தார்கள், முரண்பட்டார்கள், மறுபடியும் வந்தார்கள். 'காகங்கள்' என்ற பெயரில் அவர் நடத்திய கூட்டங்களில் படைப்புகள் வாசித்து விவாதிக்கப்பட்டன. அந்த உறவிலிருந்து ஜெயமோகன் ஒரு முழு நினைவுநூலையே எழுதினார். அந்தப் பழக்கத்தைப் பெற்றிருந்த ஊரில் நாங்கள் வரிசையில் நிற்கப் பழகிவிட்டோம்.

கையெழுத்து வாங்குவதே இழிவென்று நாங்கள் சொல்லவில்லை. பள்ளி முடியும் நாளில் சக மாணவர்களிடம் நீட்டிய ஆட்டோகிராஃப் நோட்டுகள் எங்களிடமும் உள்ளன. ஆனால் அவற்றில் எழுதியவர்கள் எங்களை அறிந்தவர்கள், அவர்களை நாங்களும் அறிந்திருந்தோம். கையெழுத்து அந்த அறிமுகத்துக்குச் சாட்சியாக நின்றது. அறிமுகமே இல்லாதபோது அது எதற்குச் சாட்சி?

எனவே இரண்டு வேண்டுகோள்கள். பந்தய ஓட்டுநரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பந்தயத்தைப் பாருங்கள். அருகில் நெருங்க வாய்த்தால், அந்தத் திருப்பத்தில் எப்போது பிரேக்கை அழுத்துவீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். தொழிலில் ஊறிய எவரும் அப்படிப்பட்ட கேள்விக்கு முகம் சுளிப்பதில்லை. இரண்டாவது வேண்டுகோள் எங்களுக்கே: கையெழுத்து வாங்கிய புத்தகத்தைப் படித்து முடிக்காமல் அடுத்த கையெழுத்துக்கு நிற்பதில்லை.

அடுத்த சந்திப்புக்கும் அந்த இளைஞரை அழைத்திருக்கிறோம். விடுமுறை முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. தொப்பியைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. அந்த இரவு தடத்தருகே என்ன சத்தம் கேட்டது, என்ன வாசனை அடித்தது, கார்கள் திரும்புகையில் விளக்குகள் எப்படித் தெரிந்தன என்றுதான் கேட்கப்போகிறோம். சிரிப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டியது.