லிங்கன் தேடிய கல்யாணப் பத்திரம்

ஆபிரகாம் லிங்கன் என்றதும் நமக்கு என்னென்ன ஞாபகம் வரும்? தாடி. உயரமான தொப்பி. அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்த ஏழைப் பையன். அடிமைத்தனத்தை ஒழித்த ஜனாதிபதி. பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் எழுதினால் பத்துக்கு எட்டு மார்க் நிச்சயம்.

இதே லிங்கனிடம் போய், ''சார், உங்க கொள்ளுத்தாத்தா பேர் என்ன?'' என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார்.

நிஜமாகவே ஒருத்தர் கேட்டார். 1848-ல் லிங்கன் அமெரிக்கக் காங்கிரஸில் உறுப்பினர். மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் ஹிங்ஹாம் என்கிற ஊர். அந்த ஊரின் சரித்திரத்தை எழுதிய சாலமன் லிங்கன் என்பவர் கடிதம் போட்டார். 'நீங்களும் லிங்கன், நாங்களும் லிங்கன். ஒருவேளை பங்காளியோ?' என்கிற ரகம்.

லிங்கன் மரியாதையாகப் பதில் எழுதினார். தாத்தா பெயரும் ஆபிரகாம்தான். வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிக்குப் போனவர், அங்கே செவ்விந்தியர் கையால் இறந்தவர். அதற்கு முந்தைய தலைமுறை பென்சில்வேனியாவிலிருந்து வந்ததாம், குவேக்கர்களாம் என்று வீட்டில் மங்கலாக ஒரு பேச்சு உண்டு. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது!

அதே வருஷம் வர்ஜீனியாவில் இருந்த இன்னொரு லிங்கனுக்கு இவரே கடிதம் எழுதி விசாரித்தார். 1859-ல், தேர்தலுக்கு முன்னால் தன்னைப் பற்றிச் சுருக்கமாக எழுதிக் கொடுக்கச் சொன்னபோதும் இதே கதைதான். ஹிங்ஹாம் லிங்கன்களோடு உறவு தேடியதில், இரண்டு குடும்பத்திலும் ஒரே மாதிரிப் பெயர்கள் இருக்கின்றன என்பதைத் தவிர உறுதியாக ஒன்றும் தேறவில்லை என்றார்.

விஷயம் என்னவென்றால், அவர் தேடிப்போன வாசல் சரியான வாசல்தான். ஹிங்ஹாம்காரர்கள் சாட்சாத் பங்காளிகளேதான்! அதை உறுதிப்படுத்தி முடிப்பதற்குள் லிங்கன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது நமக்குத் தெரிந்த வரிசை இது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலிருந்து 1637-ல் கப்பலேறி வந்த சாமுவேல் லிங்கன், நெசவுத் தொழில் பழகிய பையன். அவர் மகன் மார்டெகாய். அவர் மகனும் மார்டெகாய். நியூ ஜெர்ஸிக்குப் போய், அங்கிருந்து பென்சில்வேனியாவுக்குப் போனார். அவர் மகன் ஜான், 1768-ல் வர்ஜீனியாவுக்கு. அவர் மகன் ஆபிரகாம், கென்டக்கிக்கு. அவர் மகன் தாமஸ், இண்டியானாவுக்கும் பிறகு இல்லினாய்க்கும். அவர் மகன்தான் நம்ம லிங்கன். ஏழு தலைமுறை, ஏழெட்டு ஜாகை!

அட்லாண்டிக் கரையில் இறங்கிய குடும்பம், தலைமுறைக்கு ஒருதரம் மேற்கே மேற்கே என்று நகர்ந்துகொண்டே இருந்தது. புது மண், மலிவான நிலம். ஒரு வீடு மாற்றினாலே நம்மிடம் நாலு சர்டிபிகேட் தொலைகிறது. காட்டு வழியில் மாட்டையும் குழந்தையையும் ஓட்டிக்கொண்டு போகிறவன், கொள்ளுத்தாத்தா பேரையா மூட்டை கட்டி எடுத்துப் போவான்?

போதாக்குறைக்கு, மனுஷன் நகராவிட்டாலும் ஊர் நகரும். 1792 வரை கென்டக்கி என்பது வர்ஜீனியாவின் ஒரு பகுதி. ஜனம் பெருகப் பெருக ஒரு ஜில்லா இரண்டாகும், இரண்டு நாலாகும். ஒரே குடிசையில் பிறந்து அங்கேயே செத்தவனுக்கும் மூன்று கோர்ட்டில் மூன்று பத்திரம் கிடக்கும். எந்த கோர்ட்டில் என்பதைத் தேடுகிறவன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் பி.காம். படித்தவன். சரித்திரக்காரர்கள் இந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்தார்கள் என்று படிக்கப் படிக்க எனக்கு ஒரே குஷி. ஏனென்றால் அவர்கள் பின்தொடர்ந்தது பாசத்தை அல்ல, பணத்தை!

மார்டெகாய் 1736-ல் இறந்தபோது, நியூ ஜெர்ஸியில் இருந்த நிலத்தை மூத்த மகன் ஜானுக்கு உயில் எழுதி வைத்தார். பென்சில்வேனியாவையும் நியூ ஜெர்ஸியையும் முடிச்சுப் போட்டுக் காட்டுவது அந்த உயில்தான். தாத்தா ஆபிரகாம் கென்டக்கியில் 400 ஏக்கருக்குப் பணம் கட்டியிருக்கிறார். அந்தக் காகிதத்தில் குமாஸ்தா எழுதிவைத்த பெயர் 'லிங்க்ஹார்ன்'. காதில் விழுந்ததை எழுதினான் புண்ணியவான். ரேஷன் கார்டில் நம் பெயரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

ஜனத்தொகைக் கணக்கு இல்லையா என்று கேட்பீர்கள். 1790-லிருந்து இருக்கிறது. ஆனால் 1840 வரைக்கும் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்களெல்லாம் வெறும் எண்ணிக்கை. இந்த வயசில் ஆண் இத்தனை, பெண் இத்தனை. கென்டக்கிக்கு 1790, 1800 இரண்டு கணக்குமே காணாமல் போயின. கைகொடுத்தது எது தெரியுமா? வரி கட்டியவர்கள் பட்டியல்! வரிக்காரன் மட்டும் எந்தக் காட்டிலும் யாரையும் விட்டுவிடவில்லை.

(''இத்தனை நாளா லிங்கனோட பாட்டியைத் தேடறீங்களே, நம்ம வீட்டு கேஸ் புக்கைத் தேடினீங்களா?'' இது என் மனைவி. நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் தொடர்கிறேன்.)

1786-ல் ஒரு நாள். தாத்தா ஆபிரகாம் மகன்களோடு காட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். மரங்களுக்குள்ளிருந்து குண்டு பாய்ந்து செத்து விழுந்தார். அப்பாவின் உடம்புக்குப் பக்கத்தில் எட்டு வயசு தாமஸ். அவனைத் தூக்க வந்த செவ்விந்தியரை, குடிசைக்குள் ஓடித் துப்பாக்கி எடுத்த மூத்த அண்ணன் சுட்டு வீழ்த்தினான். அந்தக் குண்டு தவறியிருந்தால் அமெரிக்க சரித்திரத்தில் ஒரு அத்தியாயமே இல்லை.

அண்ணன் தம்பியைக் காப்பாற்றினான். சட்டம் காப்பாற்றவில்லை. உயில் எழுதாமல் செத்தால் நிலம் முழுக்க மூத்தவனுக்கே என்பது அன்றைக்கு வர்ஜீனியா சட்டம். தாமஸுக்குப் பூஜ்யம். கூலி வேலை, தச்சு வேலை என்று செய்து, 1808-ல் 200 டாலருக்கு 300 ஏக்கர் வாங்கினார். அந்த நிலத்தின் குடிசையில்தான் 1809-ல் லிங்கன் பிறந்தார். ஆனால் மூலப்பத்திரத்தில் வில்லங்கம்! நிலம் போயிற்று. அடுத்து குடியேறிய இடத்திலும் காலி பண்ணச் சொல்லி வழக்கு.

காரணம், கென்டக்கியில் நிலம் அளந்த லட்சணம். அந்த ஓக் மரத்திலிருந்து இந்த ஓடை வரைக்கும் என்று எழுதுவார்கள். மரம் விழுந்தால் எல்லையும் விழுந்தது. ஒரே நிலத்துக்கு மூன்று பேர் பத்திரம் வைத்திருப்பார்கள். வெறுத்துப்போன தாமஸ் 1816-ல் இண்டியானாவுக்குப் புறப்பட்டார். அங்கே சர்க்கார் முன்கூட்டியே கட்டம் கட்டமாக அளந்து விற்றது. கென்டக்கியில் இருந்த அடிமை முறையும் ஒரு காரணம், முக்கியமான காரணம் நிலத் தகராறு என்று லிங்கனே பின்னால் எழுதியிருக்கிறார்.

ஆக, ஆண்கள் கதை தெரிந்துவிட்டது. நிலம் வாங்கினான், விற்றான், வழக்கில் தோற்றான். எதைச் செய்தாலும் ஒரு காகிதம். வீட்டில் இருந்த பெண்கள்? அவர்கள் பெயரில் நிலம் கிடையாது. வரி கிடையாது. ஜனத்தொகைக் கணக்கில் ஒரு கோடு. போதாததற்குக் கல்யாணம் ஆனதும் குடும்பப் பெயரும் மாறிவிடும். அவர்களைப் பற்றி சர்க்கார் எழுதிவைக்கும் காகிதம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. கல்யாணப் பதிவு.

லிங்கனின் அம்மா நான்ஸி ஹேங்ஸ். 1818-ல், இண்டியானாவுக்குப் போன இரண்டாம் வருஷம், விஷச்செடி தின்ற மாட்டின் பாலால் வருகிற காய்ச்சலில் போய்விட்டார். லிங்கனுக்கு ஒன்பது வயது. அடுத்த வருஷம் அப்பா கென்டக்கிக்குப் போய் ஸாரா என்கிற விதவையைக் கல்யாணம் செய்து அழைத்துவந்தார். மாற்றாந்தாய் என்றால் கதைகளில் வருகிற மாதிரி இல்லை, தங்கமான மனுஷி.

1860-ல் லிங்கன் ஜனாதிபதி வேட்பாளர். கென்டக்கியின் ஹார்டின் ஜில்லாவில் ஹேக்ராஃப்ட் என்று ஒரு கோர்ட் அதிகாரி. அவர் ஸாராதான் லிங்கனின் அம்மா என்று நினைத்துக்கொண்டு கடிதம் போட்டுவிட்டார். லிங்கன் திருத்தி எழுதினார்: ஸாரா அப்பாவின் இரண்டாவது மனைவி, என் அம்மா நான்ஸி ஹேங்ஸ் என்று. பிறந்த ஊருக்கு ஒரு நடை வரலாமே என்று ஹேக்ராஃப்ட் கூப்பிட்டதற்கு, வரலாம்தான், ஜனங்கள் என்னைத் தொங்கவிட்டு விடமாட்டார்களா என்கிற தினுசில் குறும்பாகப் பதில் போட்டார். அடிமை முறை இருந்த மாநிலம் அல்லவா!

குறும்பு சரி. ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. ஹார்டின் ஜில்லா ஏட்டில் ஸாரா கல்யாணம் இருந்தது. நான்ஸி கல்யாணம் இல்லை. தாமஸும் நான்ஸியும் குடித்தனம் செய்தது அங்கே. பிள்ளைகள் பிறந்தது அங்கே. ஏட்டில் மட்டும் இல்லை. அரசியல் எதிரிகளுக்கு வேறென்ன வேண்டும்? கல்யாணமே ஆகவில்லை என்று கிசுகிசு கிளம்பிற்று. நாட்டின் மிகப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு, அம்மாவின் மானத்தைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. 1865-ல் சுடப்பட்டு இறக்கிற வரை இல்லை.

1878-ல் அந்தக் காகிதம் கிடைத்தது. பக்கத்து ஜில்லாவில்! வாஷிங்டன் ஜில்லா கோர்ட்டில் பழைய கட்டுகளுக்குள் கிடந்தது. பெண்ணைப் பெற்றவர் இல்லாததால் நான்ஸி வளர்ந்த உறவுக்காரர் வீட்டில், அந்த ஜில்லாவில், கல்யாணம் நடந்திருக்கிறது. 1806 ஜூன் 10-ல் ஜாமீன் பத்திரம், 12-ல் கல்யாணம். நடத்திவைத்த பாதிரியார் ஜெஸ்ஸி ஹெட், தான் செய்துவைத்த கல்யாணங்களின் பட்டியலை ஒழுங்காக கோர்ட்டில் கொடுத்திருக்கிறார். அவர் கணக்கில் பிசகே இல்லை. தேடியவர்கள் வேறு கோர்ட்டில் தேடினார்கள், அவ்வளவுதான்.

ஜாமீன் பத்திரம் என்றால்? இந்தக் கல்யாணத்துக்குச் சட்டப்படி தடை ஏதும் இருந்தால் இவ்வளவு கட்டுகிறேன் என்று மாப்பிள்ளை எழுதிக் கொடுக்க வேண்டும். தாமஸ் எழுதிக் கொடுத்தது 50 பவுண்டு. நாடே டாலரில் புழங்கிய காலத்தில் பத்திரத்தில் மட்டும் பவுண்டு! அந்தக் கோர்ட் இருந்த ஊரின் பெயர் ஸ்பிரிங்ஃபீல்ட். லிங்கன் இருபது வருஷத்துக்கு மேல் வக்கீலாக இருந்த இல்லினாய் ஊரின் பெயரும் ஸ்பிரிங்ஃபீல்ட்! ஒரு ஸ்பிரிங்ஃபீல்டில் மகன் ஊர்க்காரர்களின் பத்திரத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு ஸ்பிரிங்ஃபீல்டில் அம்மாவின் பத்திரம் தூசு தின்றுகொண்டிருந்தது.

நான்ஸியைப் பெற்றவள் யார் என்பதிலும் ஒரு நூறு வருஷத்துக்கு மேல் சண்டை. அதற்குக் காகிதமே கிடைக்கவில்லை. கடைசியில் 2015-ல் வந்த மரபணு ஆய்வு, தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிற மரபணுவை ஹேங்ஸ் வம்சத்துப் பெண் வழி வாரிசுகளிடம் ஒப்பிட்டு, அம்மா பெயர் லூஸி ஹேங்ஸ் என்கிற பக்கம் தீர்ப்பு சொன்னது. ஏடு எழுத மறந்ததை ரத்தம் எழுதி வைத்திருந்தது.

இத்தனை தேடியதும் ஒரு ஜனாதிபதிக்காக. எட்டு வயசு தாமஸைத் தூக்கப்போய்ச் செத்தாரே, அந்த செவ்விந்தியர், அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். அந்தக் காடு எத்தனை தலைமுறையாக அவருடைய ஜனங்களின் வேட்டைக்காடோ? அவர் பெயரை எந்தக் குமாஸ்தாவும் தப்பாகக்கூட எழுதி வைக்கவில்லை.

இன்னொரு கூட்டமும் உண்டு. 1850-லும் 1860-லும் ஜனத்தொகைக் கணக்கில் குடும்பத்தில் எல்லோர் பெயரையும் எழுதினார்கள். அடிமைகளுக்கு மட்டும் தனி ஏடு. அதில் எஜமான் பெயர் இருக்கும். கீழே, பெண், வயது 30, கறுப்பு. பையன், வயது 6, கறுப்பு. பெரும்பாலும் அவ்வளவுதான். காமர்ஸ் படித்தவனுக்கு இது பழக்கமான படிவம். சரக்கு இருப்புக் கணக்கு இப்படித்தான் இருக்கும். 1860-ல் அந்த ஏட்டில் இருந்தவர்கள் 39 லட்சத்துக்கும் மேல்.

லிங்கன் முன்னின்று கொண்டுவந்த அரசியல் சட்டத் திருத்தம், அவர் இறந்த அதே 1865-ன் கடைசியில் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்த முதல் கணக்கெடுப்பு 1870. இந்த முறை தனி ஏடு கிடையாது. வீடு வீடாகப் போன குமாஸ்தா, அந்தக் குடிசை வாசலிலும் நின்று, ''உங்க பேர் என்ன?'' என்று கேட்டார். சொன்னார்கள். எழுதிக்கொண்டார்.

இன்றைக்கும் அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் தன் கொள்ளுப்பாட்டியைத் தேடிப் புறப்பட்டால், பெரும்பாலும் பெயரோடு முதன்முதலாகக் கிடைப்பது அந்த 1870 ஏட்டில்தான். அம்மாவின் கல்யாணப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமலே போன மனுஷன், லட்சக்கணக்கான அம்மாக்களின் பெயரை ஏட்டில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்.