கத்தும் பிழையே நல்ல பிழை

ஐந்தாம் படிவத்தில் கணினி அறிவியல் எடுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டில் இணையப் பக்கம் எழுதிப் பழகும் மாணவர்கள் ஒரு சிவப்பு வரியைக் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். 'நல்' என்பதன் பண்பைப் படிக்க முடியவில்லை என்று உலாவி சொல்லும் வரி அது. அதைக் கண்டதும் எப்படியாவது மறைய வைக்கவே பலரும் முயல்கிறார்கள். அது தவறான பழக்கம் என்பதே என் கருத்து.

பக்கத்தில் உள்ள ஒரு பொத்தானையோ பெட்டியையோ அதன் அடையாளப் பெயரைச் சொல்லி உலாவியிடம் கேட்கிறோம். அந்தப் பெயரில் எதுவும் இல்லையென்றால் உலாவி 'நல்' என்னும் வெறுமையைத் தருகிறது. அதுவரை பிழை எழாது. அந்த வெறுமையை உண்மையான பொத்தான் என்று நம்பி, 'உன் எழுத்தை மாற்று' என்று கட்டளையிடும்போதுதான் நிரல் நிற்கிறது. ஆகவே, சிவப்பு வரி காட்டும் இடம் வேறு, தவறு பிறந்த இடம் வேறு.

இந்த வெறுமையை 1965ஆம் ஆண்டில் அல்கால் டபிள்யூ மொழிக்காக உருவாக்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த டோனி ஹோர். 2009ஆம் ஆண்டில் ஆற்றிய உரையில், அதைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்று அவரே குறிப்பிட்டார்.

வெறுமை கிடைப்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களே உண்டு. ஒன்று, அவசரம். உலாவி பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. நிரல் பக்கத்தின் தலைப்பகுதியில் இருந்தால், பொத்தான் உருவாகும் முன்பே அதைத் தேடிவிடும். இரண்டு, பெயர்ப் பிழை. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் உலாவிக்கு வெவ்வேறு. மூன்று, ஒரே நிரலைப் பல பக்கங்களுக்குப் பயன்படுத்தும்போது, அந்தப் பொத்தான் இந்தப் பக்கத்தில் இல்லாமலே இருக்கலாம்.

இப்போது நிரல் நூலகங்களுக்கு வருவோம். 2006ஆம் ஆண்டில் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி, தேடிய உறுப்பு கிடைக்காவிட்டால் 'நல்' தருவதில்லை. காலியான ஒரு தொகுப்பைத் தருகிறது. அதற்கு எந்தக் கட்டளையிட்டாலும் ஒன்றும் நடக்காது. சிவப்பு வரியும் வராது. பல பக்கங்களுக்கு ஒரே நிரல் எழுதுவோருக்கு இது வசதி என்பதை மறுக்க முடியாது. ஆனால் கற்றுக்கொள்பவருக்கு அந்த மௌனம் ஆபத்தானது.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு ஒரு பக்கம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நிலக்கடலை கலந்த உணவைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வாமை எச்சரிக்கை தோன்ற வேண்டும். அந்த எச்சரிக்கைப் பெட்டியின் பெயரை நண்பர் ஒருவர் மாற்றிவிடுகிறார். பிழை கத்தியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மௌனமாக இருந்தால், ஒவ்வாமை உள்ள ஒரு மாணவர் சாப்பிட்ட பிறகுதான் தெரியும்.

'அப்படியானால், உறுப்பு இருந்தால் மட்டும் செய் என்று ஒரு நிபந்தனை போட்டால் போதாதா?' என்று கேட்கலாம். 2020ஆம் ஆண்டுத் தர வரையறையில், கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த சுருக்கக் குறியும் இதற்கென்றே வந்துவிட்டது. மூன்றாம் காரணத்திற்கு அது சரியான மருந்து. முதல் இரண்டு காரணங்களுக்கு அது வலியை மட்டும் மறைக்கும் மாத்திரை. நோய் அப்படியே இருக்கும்.

ஆகவே மாணவர்களே, சிவப்பு வரி வந்தால் முதலில் அதை முழுமையாகப் படியுங்கள். அது நூலகத்தின் கோப்பைக் காட்டினால், நூலகம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். அதன் கீழே உள்ள அழைப்புப் பட்டியலில் உங்கள் கோப்பின் பெயரைத் தேடுங்கள். தேடல் வரிக்கு அடுத்து, கிடைத்ததைத் திரையில் அச்சிட்டுப் பாருங்கள். ஜேகுவெரியானால், தொகுப்பில் எத்தனை உறுப்புகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். பூச்சியம் என்றால் மூன்று காரணங்களில் எது என்று கண்டுபிடியுங்கள். நிபந்தனை போடுவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.