அறிவித்தவர் யார்?

சோவியத் பெருங்கலைக்களஞ்சியத்தைச் சந்தா செலுத்தி வாங்கிவந்தோருக்கு 1954-ஆம் ஆண்டில் ஒரு விந்தையான அறிவிப்பு வந்து சேர்ந்தது. ஐந்தாம் தொகுதியின் நான்கு பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ சவர அலகாலோ வெட்டி எடுத்துவிட்டு, உடன் அனுப்பியுள்ள புதிய பக்கங்களை அவ்விடத்தில் ஒட்டிக்கொள்க என்பது அதன் சாரம். வெட்டச் சொன்ன பக்கங்களில் இருந்தவர் லவ்ரெந்தி பேரியா. ஸ்டாலினின் இரகசியப் போலீசை ஆண்டவர். 1953 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஒட்டச் சொன்ன பக்கங்களிலோ பேரிங் கடல் விரிவாக வருணிக்கப்பட்டிருந்தது. மனிதர் இருந்த இடத்தைக் கடல் கொண்டது!

இதனை நகைச்சுவைத் துணுக்காகச் சொல்லிச் சிரிப்பவர் உண்டு. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பேரியாவின் கையால், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், ஒரு முஸ்லிம் சமுதாயமே இவ்வாறு வெட்டி எடுக்கப்பட்டது. அவர் இழந்தது நான்கு பக்கம். அவர்கள் இழந்ததோ நாடு, ஊர்ப்பெயர், எழுத்து, இனப்பெயர் அத்தனையும்.

கருங்கடலின் வடபால் உள்ள தீபகற்பம் கிரிமியா. அங்கே பதினைந்தாம் நூற்றாண்டு தொட்டு 1783 வரை தாத்தாரிய முஸ்லிம்களின் கான்கள் ஆண்டனர். பாக்சிசராய் அவர்தம் தலைநகர். அரசு போய் ருஷ்யப் பேரரசின் கீழ் வந்த பின்னரும் கல்வி போகவில்லை. அதே பாக்சிசராயில் 1883-இல் இஸ்மாயில் காஸ்பிரின்ஸ்கி என்னும் பேரறிஞர் ‘தர்ஜுமான்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அரபு எழுத்தில் அச்சாகிய அவ்வேடு, முப்பதாண்டுகளுக்கும் மேலாக, ருஷ்ய நாட்டு முஸ்லிம்களின் வாயாகவும் செவியாகவும் விளங்கியது.

முதற் கத்தரி விழுந்தது அவ்வெழுத்தின் மீதே. 1920-களின் இறுதியில் அரபு எழுத்தை நீக்கி இலத்தீன் எழுத்தைப் புகுத்தினர். பத்தாண்டு கழியுமுன், 1938-இல், அதனையும் நீக்கி ருஷ்ய எழுத்தைக் கொணர்ந்தனர். பாட்டன் எழுதியதைத் தந்தையால் படிக்க இயலாது; தந்தை எழுதியதைப் பிள்ளையால் படிக்க இயலாது. நூலகத்தைக் கொளுத்தினால் புகையேனும் ஊருக்குத் தெரியும். எழுத்தை மாற்றிவிட்டால் நூல்கள் அலமாரியில் அப்படியே இருக்கும், படிப்பவர்தாம் இரார். (நம் ஊர்களிலும் அரபுத் தமிழ்க் கிதாபைக் கையில் ஏந்தி, ‘பாட்டியார் ஓதுவார்; எங்களுக்குத் தெரியாது’ என்னும் இளையோர் உளர். ஆனால் அது காலப்போக்கில் நேர்ந்தது. எவரும் ஆணையிட்டு நேர்ந்ததன்று. வேறுபாடு பெரிது. எனினும் அவ்விளையோரின் முகத்தைப் பார்த்தவர்க்குக் கிரிமியாவில் நேர்ந்தது இன்னதென்று விளங்கும்.)

1944 மே 11-ஆம் நாள் ஸ்டாலின் கையொப்பமிட்டார். மே 18 விடியற்காலை, வீடு வீடாகக் கதவு தட்டப்பட்டது. குடும்பத்துக்கு ஐந்நூறு கிலோ வரை உடைமை எடுத்துச் செல்லலாம் என்றது ஆணை. கால் மணி நேரமே கொடுத்தார்கள் என்கின்றனர் உயிர் தப்பியோர். மூன்றே நாளில் ஏறத்தாழ 1,90,000 பேர், பெரும்பாலும் பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும், சரக்கு வண்டிகளில் அடைக்கப்பட்டு உஸ்பெகிஸ்தானுக்கும் உரால் மலைப்புறத்துக்கும் அனுப்பப்பட்டனர்.

ஆட்கள் போன பின்னர் ஊர்ப்பெயர்களுக்கு முறை வந்தது. 1944 முதல் 1948 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் பெயர்கள் மாற்றப்பட்டன. கராசு என்னும் ‘கருநீர்’ ஆற்றங்கரையில் சந்தை கூடிய ஊர் கராசுபஜார். அது பெலோகோர்ஸ்க், அதாவது ‘வெண்மலையூர்’ ஆயிற்று. இஸ்லாம் தெரெக் என்ற ஊர் கிரோவ்ஸ்கொயே ஆயிற்று. பாக்சிசராயின் பெயர் தப்பியது. ருஷ்ய மகாகவி புஷ்கின் அவ்வூரின் நீரூற்றைப் பாடியிருந்ததே காரணம் என்பர். ஐந்நூறாண்டு வாழ்ந்தவனின் சாட்சி செல்லாது. வந்து பார்த்துப்போன கவிஞனின் சாட்சி செல்லும்! 1952-இல் சிம்ஃபெரோபோலில் வரலாற்றறிஞர்கள் அவை கூடினர். கிரிமியாவின் தொன்மையில் ஸ்லாவியருக்குப் பேரிடம் தந்து, தாத்தாரியரைக் கொள்ளையிட வந்த கூட்டமாகச் சுருக்கினர். ஆணை முன்னே சென்றது. ஆராய்ச்சி கைகட்டிப் பின்னே சென்றது. போலீசார் செய்ததைவிட இக்கற்றோர் செய்ததே நமக்குக் கசப்பாக இருக்கிறது.

இனிக் குடிக்கணக்கைப் பாருங்கள். 1939 கணக்கில் கிரிமியத் தாத்தாரியர் உண்டு. 1959-இல் இல்லை, 1970-இலும் இல்லை. வோல்காக் கரையில் வாழும் வேறு தாத்தாரியரோடு சேர்த்து எண்ணிவிட்டனர். 1956-இல் குருஷ்சேவ் ஸ்டாலினின் கொடுமைகளை அம்பலப்படுத்திப் பேசியபோது, நாடு கடத்தப்பட்ட செச்சேனியரையும் இங்குஷியரையும் கல்மூக்கியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார், இவர்களைக் குறிப்பிடவில்லை. 1967 செப்டம்பரில் வந்த ஆணையோ மொத்தச் சமுதாயத்தின் மீது சுமத்திய பழியை விலக்கியது. அதே மூச்சில் அவர்களின் பெயரையும் விலக்கிற்று. முன்பு கிரிமியாவில் வசித்த தாத்தார் இனக் குடிமக்களாம்! குற்றமற்றவர் என்று தீர்ப்பு. ஆனால் யார் குற்றமற்றவர் என்று சொல்ல மாட்டார்கள்.

‘அவர்கள் ஹிட்லருக்குத் துணைபோன துரோகிகள் அல்லரோ?’ என்று வாதிடுவோர் இன்றும் உளர். ஜெர்மானியர் அத்தீபகற்பத்தைப் பிடித்திருந்த காலத்தில் தாத்தாரியருள் சிலர் அவர்தம் படையில் சேர்ந்தது உண்மை; மறைப்பது நம் வழக்கன்று. ருஷ்யரிலும் உக்ரேனியரிலும் அவ்வாறு சேர்ந்தவர் உண்டு. அதற்காக மாஸ்கோவைக் காலி செய்தார்களா? செம்படையில் நின்று போரிட்ட தாத்தாரியரைப் படையிலிருந்து விடுவித்து எங்கே அனுப்பினர்? வீட்டுக்கா? மனைவி மக்கள் கிடந்த அதே நாடுகடத்தலுக்கு. கிரிமியத் தாத்தாரியத் தாய் பெற்ற விமானவீரர் அமெத்கான் சுல்தான், சோவியத் நாட்டின் உயர்ந்த வீரப்பட்டத்தை இருமுறை பெற்றவர். அத்தாயின் இனத்தாருக்கு, அவர் பிறந்த அலுப்கா நகரில் குடியிருக்க உரிமையில்லை.

மதரசாவில் ஹதீஸ் கலை பயின்றோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. செய்தி எவ்வளவு அழகாயிருப்பினும், ‘ஸனது எங்கே? அறிவித்தவர் யார்? அவர் யாரிடம் கேட்டார்?’ என்று வினவாமல் ஏற்கமாட்டார்கள். அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் பெயரையும் நடத்தையையும் ஆராயவே பெருந்தொகுதிகள் எழுந்தன. அரசாங்கம் எழுதும் சரித்திரத்துக்கு ஸனது கிடையாது. பேரியாவின் பக்கத்தை எழுதியவர் யார், வெட்டச் சொன்னவர் யார் என்று சந்தாதாரர் கேட்க முடியுமா?

1966 ஜனவரியில் லால்பகதூர் சாஸ்திரி தாஷ்கந்தில் காலமானார். அன்று முதல் அவ்வூரின் பெயரை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. அவ்வூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கிரிமியத் தாத்தாரியர் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பதை அறிந்தவர் எத்துணைப் பேர்? அரசு எண்ண மறுத்த தங்களைத் தாங்களே எண்ணிக்கொண்டிருந்தனர். வீடு வீடாகச் சென்று, எத்தனை பேர் வண்டியேறினர், யார் யார் இறந்தனர் என்று கேட்டு எழுதினர். முதல் ஒன்றரை ஆண்டில் 46 விழுக்காட்டினர் மாண்டனர் என்றது அக்கணக்கு. அரசின் ஏடுகள் காட்டுவது அதைவிட மிகக் குறைவு. எண்ணிக்கை பற்றி ஆய்வாளர் வாதிடட்டும். ஆயின் ஒரு கணக்கு, சாவைக் கண்ணால் கண்ட வீட்டாரிடம் கேட்டு எழுதியது. மற்றொன்று, கடத்திச் சென்றவர்களே எழுதி இரகசியமாய்ப் பூட்டிவைத்தது. ஸனது அறிந்தவர் எதன் பக்கம் முதலில் திரும்புவார்?

முஸ்தபா ஜெமிலெவ் என்னும் இளைஞர், கிரிமியாவின் பழைய துருக்கியப் பண்பாடு குறித்துக் கட்டுரை எழுதினார். தாஷ்கந்துப் பாசனக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர்ச் சிறையில் 303 நாள் உண்ணாநோன்பிருந்தார். குழாய் வழியே உணவு செலுத்தி உயிரைப் பிடித்து வைத்தனர். இம்மக்களுக்காகப் பேசிய சோவியத் தளபதி கிரிகோரென்கோவைப் பைத்தியக்கார மருத்துவமனையில் அடைத்தனர். வரலாற்றுக் கட்டுரைக்கு அஞ்சும் வல்லரசின் வலிமையை என்னென்பது!

‘எல்லாம் பழங்கதை, சோவியத் அரசே மறைந்துவிட்டதே’ என்பார் சிலர். ஆம், 1989-இல் நாடுகடத்தலைச் சட்டவிரோதம் என்று அறிவித்தனர். இரண்டரை இலட்சம் பேர் வரை தாயகம் மீண்டனர். 2014-இல் ருஷ்யா கிரிமியாவை மீண்டும் கைப்பற்றியது. அவ்வாண்டே மே 18 நினைவுப் பொதுக்கூட்டத்துக்குத் தடை. 2015-இல் அவர்களது தொலைக்காட்சி நிலையம் ஓய்ந்தது. 2016-இல் அவர்தம் மஜ்லிஸ் தீவிரவாத அமைப்பெனத் தடைசெய்யப்பட்டது. ஸ்டாலின் காலத்தில் மாண்டோரின் பெயர்களை ஒன்றொன்றாகத் திரட்டிவந்த ‘மெமோரியல்’ சங்கத்தையும் 2021 டிசம்பரில் மாஸ்கோ உச்சநீதிமன்றம் கலைத்துவிட்டது. சோவியத் நாட்டின் நினைவை அச்சங்கம் திரிக்கிறதென்று அரசுத் தரப்பு வாதாடிற்று. பெயர்ப்பட்டியல் எப்படித் திரிக்கும்?

2016 மே மாதத்தில் உக்ரேன் நாடாளுமன்றம் கிரிமிய ஊர்கள் பலவற்றுக்குப் பழைய பெயரை மீட்டளித்துத் தீர்மானித்தது. ‘செங்காவலர் ஊர்’ என்று பொருள்படும் கிராஸ்னோக்வார்தெய்ஸ்கொயேவுக்கு அதன் பழம்பெயரான குர்மான் திரும்பிற்று. ஆனால் அத்தீர்மானம் உக்ரேனிய ஏட்டில் இருக்கிறது. ஊர் ருஷ்யாவின் கையில் இருக்கிறது. ஊர் முகப்புப் பலகையில் செங்காவலரே நிற்கின்றனர்.