மூன்று வயதுக்கு எதற்கு மிரட்டல்?

"அடியாத மாடு படியாது" என்று சொல்லி வளர்ந்த தலைமுறை நாங்கள். பள்ளியில் சேர்க்கும்போதே, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வருவார்கள். இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. "கொஞ்சம் ஸ்ட்ரிக்டா இருங்க மிஸ், வீட்ல யாருக்குமே பயப்பட மாட்டேங்கிறான்" என்கிறார்கள். பேத்தியை மழலையர் பள்ளியில் விட்டு அழைத்துவரும் வேலை எனக்கு. வாரத்துக்கு இரண்டு முறையாவது இது காதில் விழுகிறது. பேச்சு நாகரிகமாகிவிட்டது, பயம் வந்தால் ஒழுக்கம் வந்துவிடும் என்ற நம்பிக்கை அப்படியே இருக்கிறது.

எனக்கு அதில் உடன்பாடில்லை. பயந்த குழந்தை கற்றுக்கொள்வது, மிஸ் பார்க்கிறாரா இல்லையா என்பதைத்தான். அவர் முதுகைத் திருப்பியதும் பக்கத்துப் பிள்ளையின் கிரேயான் மறுபடி பறிபோகும். பூச்சாண்டி, போலீஸ், டாக்டர் ஊசி எல்லாமே இந்தக் கணக்குதான். ஊசியைச் சொல்லி மிரட்டிய குழந்தையைக் காய்ச்சலின்போது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு அதன் விலை தெரியும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, உடல் தண்டனையையும் மனத்துன்பம் தருவதையும் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 'குழந்தை' என்று சொல்வது 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களை. மூன்று வயதுக்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார். கொடுமை செய்தால் தண்டிக்க வேறு சட்டங்கள் உண்டு. அன்றாட அதட்டலையும் மிரட்டலையும் நாம்தான் நிறுத்த வேண்டும்.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. "ஓடாதே" என்றால் என்ன செய்யக்கூடாது என்று மட்டும்தான் தெரியும். "மெதுவா நட" என்றால் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. தண்ணீரைக் கொட்டினால் திட்டுவதைவிடக் கையில் ஒரு துணியைக் கொடுக்கலாம். குழந்தைகள் அதைச் சந்தோஷமாகவே துடைக்கும். பூங்காவிலிருந்து தரதரவென்று இழுத்து வராமல், "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டுக் கிளம்பலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் மூண்டிருந்ததால் ஆண்டுக்கணக்கில் இந்தியாவிலேயே தங்கியவர். அவர் வழி நடக்கும் வகுப்புகளில் அலமாரிகள் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். ஒவ்வொரு கருவியும் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் வைத்திருப்பார்கள். வேறொரு குழந்தை அதை எடுத்திருந்தால், முடித்து வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமையை அந்த அலமாரியே கற்றுக்கொடுத்துவிடுகிறது.

"இதெல்லாம் செல்லம் கொடுத்துக் கெடுக்கிற வேலை" என்பார்கள். இல்லை. அடிக்க ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்தத்தான் வேண்டும். முதலில் அடிபட்ட குழந்தையைக் கவனித்துவிட்டு, பிறகு அடித்தவனிடம், "அடிக்கக் கூடாது. வேணும்னா 'எனக்கும் தா'ன்னு கேளு" என்று சொல்ல வேண்டும். அதையே நாளைக்கும், மறுநாளும் அலுக்காமல் சொல்ல வேண்டும். விதி தளரவில்லை, குரல்தான் தாழ்ந்திருக்கிறது.

இருபது, இருபத்தைந்து பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் மிஸ்ஸுக்கு இது சுலபமல்ல. நாம் கொஞ்சம் உதவலாம். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, காலையில் சாப்பிடவில்லை என்றால் அவரிடம் சொல்லிவிட்டு வரலாம். பாதி முரண்டுக்குக் காரணம் பசியும் தூக்கமும்தான்.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று: அம்மா வேண்டாமென்று சொன்ன செல்போனைத் தாத்தா ரகசியமாகக் கொடுத்தால், எந்தப் பள்ளியும் ஒழுக்கம் சொல்லித்தர முடியாது. வீட்டிலுள்ள பெரியவர்கள் முதலில் ஒரே பேச்சுக்கு வருவோம். மூன்று வயதுக்காரரை அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.