தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிந்தால் படகு எஞ்சின் குளிர்ந்துவிடுமா?

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆனால் 1985 மார்ச் வரை சிவகாசியும் ராமேஸ்வரமும் ஒரே ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. மாவட்டம் பிரிந்துவிட்டது. ஒரு பழக்கம் மட்டும் பிரியவில்லை. சிவகாசி ரோட்டில் லாரி எஞ்சின் சூடானாலும் சரி, பாக் நீரிணையில் விசைப்படகு எஞ்சின் சூடானாலும் சரி, முதலில் கிடைக்கும் யோசனை இதுதான்: "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறி, சரியாயிடும்!"

சரியாகாது. லாரிக்கே இது அரைகுறை வைத்தியம். படகுக்கு ஆபத்தான வைத்தியம்.

விசைப்படகுகள் பலவற்றில் ஓடுவது லாரி எஞ்சினுக்கு நெருங்கிய சொந்தக்கார டீசல் எஞ்சின்தான். அதனால் ரோட்டோர ஒர்க்‌ஷாப் பாடமும் கூடவே கடலுக்குப் போய்விடுகிறது. ஆனால் லாரியில் ரேடியேட்டரைக் குளிர்விப்பது காற்று. படகின் எஞ்சின் அறைக்குள் காற்று ஏது? அங்கே சூட்டை வெளியே கொண்டுபோவது கடல்நீர். படகின் அடியில் இருக்கும் வால்வு வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. வடிகட்டி, பம்பு, ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று வரிசையாகக் கடந்து, புகைக்குழாய் வழியாக வெளியே போகிறது. (சில படகுகளில் எக்ஸ்சேஞ்சருக்குப் பதிலாக அடிப்பலகைக்குக் கீழே குழாய் ஓடும்.) எஞ்சினுக்குள் சுற்றுவது வேறு தண்ணீர், நல்ல தண்ணீர். அதன் வாசலில் நிற்கும் காவல்காரன்தான் தெர்மோஸ்டாட்.

காவல்காரனை வேலையை விட்டுத் தூக்கினால் என்ன ஆகும்? பல எஞ்சின்களில் சூடு ஏறியதும் குறுக்குவழியை அடைப்பதும் அதே தெர்மோஸ்டாட்தான். அது இல்லாவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி எக்ஸ்சேஞ்சர் பக்கமே போகாமல் திரும்ப எஞ்சினுக்குள் வந்துவிடும். சூடு குறையாது, கூடத்தான் செய்யும். மற்ற எஞ்சின்களில் இதற்கு நேர்மாறு. எஞ்சின் போதுமான சூட்டுக்கே வராது. டீசல் சரியாக எரியாது, புகை கக்கும், செலவு ஏறும். இரண்டிலும் உண்மையான கோளாறு அப்படியே ஒளிந்திருக்கும்.

அப்படியானால் எங்கே தேடுவது? தண்ணீர் போகும் வழியிலேயே தேட வேண்டும், வெளியிலிருந்து உள்ளே.

முதல் கேள்வி, புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா? வரவில்லை என்றால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். அடிவால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டியில் கடல்பாசியோ பிளாஸ்டிக் பையோ ஜெல்லி மீனோ அடைத்திருக்கிறதா, பம்பின் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், அடைப்புக்குப் பஞ்சமில்லை. அடுத்தது பம்புக்குள் சுற்றும் ரப்பர் இம்பெல்லர். தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே அதன் இதழ்கள் பிய்ந்துவிடும். புதிது மாட்டினால் மட்டும் போதாது. பிய்ந்த துண்டுகளைத் தேடி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவையே எக்ஸ்சேஞ்சரை அடைக்கும்.

தண்ணீர் நன்றாக வருகிறது, ஆனாலும் சூடு என்றால் உள்தண்ணீரின் அளவு, எக்ஸ்சேஞ்சரில் படிந்த உப்பு, பிறகு தெர்மோஸ்டாட். அதைச் சோதிப்பதும் சுலபம். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வால்வு திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது மாட்ட வேண்டும், துளையைக் காலியாக விடக்கூடாது. முழு வேகத்தில் மட்டும் சூடானால் புரொப்பெல்லரில் சிக்கிய வலையையும் கயிற்றையும் பார்க்க வேண்டும்.

எந்த அவசரத்திலும் சூடான எஞ்சினின் மூடியைத் திறக்கக்கூடாது, மேலே கடல்நீரை மொண்டு ஊற்றவும் கூடாது. முதலாவது ஆளின் முகத்தை வேகவைக்கும், இரண்டாவது எஞ்சின் ஹெட்டைப் பிளக்கும்.

லாரி நின்றால் புளியமரத்தடியில் ஓரங்கட்டலாம். கடலில் ஓரம் கிடையாது. எஞ்சின் நின்ற படகு காற்றும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம் போகும். 1974-லும் 1976-லும் ஒப்பந்தத்தில் வரைந்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. கோட்டைத் தாண்டினால் இம்பெல்லருக்கு மிச்சம் பிடித்த காசுக்கு விலையாகப் படகே போகலாம், ஆட்கள் சிறைக்குப் போகலாம்.

கணக்குப் பாடத்தில் வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு என்று இரண்டு உண்டு. முதலாவதைத் தள்ளிப்போட்டால் அது இரண்டாவதாக வளர்ந்து வந்து நிற்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு எப்படியும் கரையில்தான் நிற்கிறது. பெயிண்ட் அடிக்கிற கையோடு இம்பெல்லரையும் மாற்றி, எக்ஸ்சேஞ்சரையும் கழுவி, மாற்று இம்பெல்லர் ஒன்றைப் படகிலேயே போட்டு வைத்தால் வேலை முடிந்தது.

சூட்டை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்று சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன ஊர் இது. மருந்தைக் கையாள்வதற்கு இவ்வளவு கட்டுப்பாடுகள் ஏன் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே ஊர்க்காரர்கள் எஞ்சின் விஷயத்தில் மட்டும் காவல்காரனைக் கழட்டி எறிந்துவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் ஆச்சரியம்!