தாயின் பேனாவும் பிள்ளையின் அமானிதமும்

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்பு வரையே படித்தவர். 1938இல் ‘காதலா கடமையா’ நாவலை வெளியிட்டார். இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் பட்டம் பெற்ற தாய்மார்கள் பலர் கைக்குழந்தைகளோடு வீட்டில் இருக்கின்றனர். இரவு ஷிப்டு முடிந்து பகலில் உறங்கும் தந்தையை எழுப்பாமல் குழந்தையை விளையாட வைக்கும் வித்தையை அவர்களன்றி எவர் எழுத முடியும்?

குழந்தை வளர்ப்பு குறித்து இதழ்களுக்கு எழுத விரும்புவோர், பொருளைச் சில வரிகளில் ஆசிரியருக்கு முன்கூட்டியே அனுப்பி, சன்மானத்தையும் கேட்டறிக. பெண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குப் பங்குண்டு என்கிறது திருக்குர்ஆன் (4:32).

ஆயினும் பிள்ளையின் பெயர், படம், பலவீனம் யாவும் நம்மிடமுள்ள அமானிதம். வளர்ந்தபின் படித்தாலும் அப்பிள்ளை நாணாதவாறு எழுதுவோம். வீட்டுவேலைகளில் குடும்பத்தாருக்கு உதவிய நபி (ஸல்) அவர்களைப் பின்பற்றி, நாளும் ஒரு மணி நேரத்தைக் கணவர் அதற்கு ஒதுக்கித் தரட்டும்.